இரண்டு வோட்டு வித்தியாசம்

உக்குவளை,
12.05.2025

அன்புள்ள தங்கச்சி றுஸைனா,

நீயும் ஸஜீதாவும் மருமகனும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். இங்கே எங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

பக்கத்து வீட்டுக்காரிக்குக் கடிதம் எழுதும் நாள் ஒன்று வரும் என்று நான் நினைத்ததில்லை. இருபத்திரண்டு வருஷமாக மதிலுக்கு மேலால் பேசியே பழகிவிட்டோம். உன் போனுக்கு எடுத்தால் அணைத்து வைத்திருப்பதாகச் சொல்கிறது. ஸஜீதாவின் நம்பர் என்னிடம் இருக்கிறது, ஆனால் அழுத்தக் கை வரவில்லை. அவள் எடுத்து "மாமி" என்று கூப்பிட்டால் நான் என்ன பேசுவேன்? அதனால்தான் கடதாசியை எடுத்தேன். உன் மகளின் நாவுல முகவரியை உன் வீட்டுக்காரரின் கடையில் நிற்கிற முனாஸிடம் கேட்டு வாங்கினேன். பதுர்தீன் நானாவிடம் நேரே கேட்கவில்லை. கடைக்கு முன்னால் போகும்போது இப்போதும் அவர் "சுகமா தங்கச்சி?" என்றுதான் கேட்கிறார். நான் தலையை ஆட்டிவிட்டுக் குடையைச் சாய்த்துக்கொண்டு நடக்கிறேன்.

ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாய் என்று எனக்கு மனத்தாங்கல் இருக்கிறது. தேர்தல் முடிந்த மறுநாள் காலையில் மதிலடியில் நின்று கூப்பிட்டேன். நானா எட்டிப் பார்த்து, "அவ முதல் பஸ்ஸுக்கே மகள் வீட்டுக்குப் போயிட்டா" என்றார். கையில் உனக்கென்று எடுத்து வந்த இடியப்பத் தட்டோடு திரும்பி வந்தேன்.

இவருடைய நிலையையும் நீ கொஞ்சம் யோசிக்க வேணும். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்த மனுஷர். பென்சன் எடுத்த பிறகு சனங்களுக்கு ஏதாவது செய்வோம் என்றுதான் சுயேச்சையாகப் பிரதேச சபைக்குக் கேட்டார். வெயிலில் அலைந்து கால் வீங்கியது உனக்கும் தெரியும். கடைசியில் இரண்டே இரண்டு வோட்டால் தோற்றுப்போனார். அதுவும் முன்பள்ளியில் படிப்பிக்கிற அந்தச் சின்னப் பிள்ளையிடம். இருநூறால் தோற்றிருந்தால் இரண்டு நாள் படுத்துவிட்டு எழும்பியிருப்பார். இரண்டு என்பது அவரை உட்காரவும் விடுவதில்லை, படுக்கவும் விடுவதில்லை. "கள்ள வோட்டு ஒண்ணு கண்ணு முன்னாலயே பிடிபட்டுச்சு. பிடிபடாதது எத்தனையோ" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அன்றைக்கு அவர் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார். அவ்வளவுதான் நடந்தது என்று எடுத்துக்கொள். வீடியோவை யார் எடுத்தார்கள், யார் போட்டார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. சத்தியமாக நாங்கள் போடவில்லை.

இன்றைக்கு வெசாக். தெருவெல்லாம் வெளிச்சக்கூடு கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். போன வருஷம் நாம் இருவரும் பார்க்கப் போய், நெருக்கத்தில் உன் செருப்பு அறுந்து, வெறுங்காலோடு சிரித்துக்கொண்டு வந்தோம். இந்தமுறை நான் வெளியே இறங்கவில்லை. உன் பூஞ்சாடிகளுக்கு மதிலுக்கு மேலால் தண்ணீர் ஊற்றுகிறேன்.

இரண்டு வரியாவது எழுது.

உன் அக்கா,
நேசம்மா


நாவுல,
18.05.2025

அன்புள்ள நேசக்காவுக்கு,

அல்லாஹ்வின் காவலில் நாங்கள் இருக்கிறோம். நீங்களும் அண்ணனும் அப்படியே இருக்க துஆச் செய்கிறேன். சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கு நன்றி.

சொல்லாமல் வந்தது பிழைதான். அன்று காலையில் எனக்கு யாருடைய முகத்தையும் பார்க்க முடியவில்லை. இங்கு வந்தும் அப்படித்தான். தெரியாத நம்பர்களிலிருந்து ஆட்கள் எடுத்துச் சிரிக்கிறார்கள், ஏசுகிறார்கள். மருமகன் றிகாஸ் போனைப் பிடுங்கிச் சிம்மைக் கழற்றி வைத்துவிட்டார். போன கிழமை சந்தைக்குப் போனேன். கத்தரிக்காய் விற்கிற ஒரு சிங்கள நோனா என்னை உற்றுப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவளிடம், "ஹொர சந்தே தாப்பு நோனா" என்றாள். கள்ள வோட்டுப் போட்டவளாம். எனக்குச் சிங்களம் விளங்காது என்று நினைத்தாள்போல. வாங்கின காயை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

"அவசரப்பட்டுவிட்டார்" என்று எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தில் கடிதத்தை மூடி வைத்துவிட்டு, அஸர் தொழுத பிறகுதான் மிச்சத்தை வாசித்தேன். அக்கா, நடந்ததை நான் இன்னும் உங்களுக்கு என் வாயால் சொல்லவில்லை. சொல்லிவிடுகிறேன்.

நான் பதினொரு மணிபோல் பள்ளிக்கூடத்துக்கு வோட்டுப் போட வந்தேன். அடையாள அட்டையைக் கொடுத்தேன். பெயரை வாசித்த தம்பி பட்டியலைப் பார்த்துவிட்டு, "ஒங்க பேர் வெட்டியிருக்கே. நீங்க காலையிலயே போட்டுட்டீங்க" என்றார். "இல்ல தம்பி, நான் இப்பதான் வாறேன்" என்றேன். அப்போதுதான் அண்ணன் வாசலில் வந்து நின்றார். அவரைக் கண்டதும் சரி, நம்மை அறிந்தவர் வந்துவிட்டார் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அவர் என் கையைக் காட்டி, "விரலப் பாருங்க, கறுத்திருக்கு. போட்டுட்டு மறுபடி வந்திருக்காங்க. இப்படித்தான் இவங்க மத்தப் பக்கத்த வெல்ல வைக்கிறாங்க" என்று கத்தினார். 'இவங்க' என்றார், அக்கா. இருபத்திரண்டு வருஷத்தில் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

என்னை ஐந்தாம் வகுப்பு அறைக்குள் ஒரு சின்னக் கதிரையில் உட்கார வைத்தார்கள். ஜன்னல் கம்பிக்குள்ளால் போன்களை நீட்டிப் படம் எடுத்தார்கள். பிறகு ஜீப்பில் ஏற்றினார்கள். பொலிஸில் வாக்குமூலம் எழுதி முடிய நாலு மணி தாண்டிவிட்டது. அதற்குள் உண்மையும் தெரிந்துவிட்டது. இவருடைய தங்கச்சியான என் மச்சிக்கும் றுஸைனா என்றுதான் பெயர். காலையில் அவள் வந்தபோது அவளுடைய வரிக்குப் பதிலாக என்னுடைய வரியை வெட்டியிருக்கிறார்கள். ஒரு கோடு இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான். பொலிஸ் ஐயா எழும்பி நின்று, "வீட்டுக்குப் போங்க அம்மா, மனசுல வச்சுக்காதீங்க" என்றார். அதை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

நான் வெளியே வரும்போது வாக்களிப்பு முடிந்துவிட்டது. ஆகவே இரண்டு வோட்டுப் போட்டதாக ஊரெல்லாம் பேசுகிற நான் அன்று ஒரு வோட்டும் போடவில்லை. போட்டிருந்தால் யாருக்குப் போட்டிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியாதா? எங்கள் வீட்டுக்காரர் தன் கட்சிக்குத்தான் போட வேணும் என்று நின்றார். "நீங்க ஒங்களுக்குப் பிடிச்சவங்களுக்குப் போடுங்க, நான் அண்ணனுக்குத்தான்" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

விரல் கறுத்தது எதனால் என்பதும் உங்களுக்குத் தெரியும். முதல் நாள் உங்கள் குசினியில் உட்கார்ந்து அண்ணனுடைய ஆட்களின் மறுநாள் பகல் சாப்பாட்டுக்கு வாழைக்காய் சீவினேன். கையில் எண்ணெய் பூசு என்று நீங்கள் சொன்னீர்கள். நான்தான் பரவாயில்லை என்றேன்.

எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அவர் கத்தும்போது விறாந்தையில், தூணுக்குப் பக்கத்தில், பச்சைச் சேலை ஒன்றைக் கண்டதுபோல் இருக்கிறது. அது நீங்கள் இல்லை என்று எழுதினால் நான் நம்புவேன்.

அன்புடன்,
றுஸைனா


உக்குவளை,
24.05.2025

அன்புள்ள றுஸைனா,

பச்சைச் சேலை நான்தான்.

இல்லை என்று எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். நீ நம்புவேன் என்று எழுதியிருந்ததால் எழுத முடியவில்லை.

நான் வோட்டுப் போட்டுவிட்டு அப்போதுதான் வெளியே வந்தேன். விரலில் பூசின மை காயவில்லை. உள்ளே இவருடைய குரல் கேட்டது. எட்டிப் பார்த்தபோது நீ கையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாய். கறையைக் கண்டேன். வாழைக்காய்க் கறை என்று எனக்கு அந்த நொடியே தெரியும். "அது எங்க வீட்டுல பட்ட கறை" என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல நான் உள்ளே போக வேண்டியதுகூட இல்லை, நின்ற இடத்திலிருந்தே சொல்லியிருக்கலாம். நான் குனிந்து என் செருப்பைப் பார்த்தேன். ஜீப் போகும் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு வீட்டுக்கு வந்து, நீ சீவித் தந்த காயில் வைத்த கறியை எல்லாருக்கும் பரிமாறினேன். இதை எழுதும்போது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

ஏன் பேசவில்லை என்று கேட்பாய். அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. இப்போது அதை எழுத எனக்குத் தைரியமில்லை.

வீட்டு நிலையைச் சொல்கிறேன். கோடு இடம் மாறின கதை மறுநாளே இவருக்கும் வந்துவிட்டது. நம்பவில்லை. "எல்லாரும் சேர்ந்து மூடி மறைக்கிறாங்க" என்றார். மருமகள் சிவதர்ஷினிக்கு மாவட்டச் செயலகக் கச்சேரியில் வேலை என்பது உனக்குத் தெரியும், தேர்தல் என்றால் அவளுக்கும் டியூட்டி வரும். அவள் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தாள்: "மாமா, நான் கலியாணத்துக்கு முன்ன இருந்து எல்லாத் தேர்தலுக்கும் போயிருக்கேன். கள்ள வோட்டுன்னு சத்தம் வரும். பார்த்தா பேர் மாறி வெட்டினதா இருக்கும், இல்லாட்டி ஐடியில பிறந்த வருஷம் பிழையா இருக்கும். நெசமாவே ஆள் மாறி வந்தவர் ஒருத்தரைத்தான் நான் பார்த்திருக்கேன். தம்பியோட அட்டைல அண்ணன் வந்தார். பேரை உரக்க வாசிச்சதும் பின்னால நின்ன பக்கத்து வீட்டுக்காரர் சிரிச்சிட்டார். மனுசன் அப்படியே திரும்பி நடந்துட்டார். ஊர்ல எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் மாமா. எத்தனை கட்சி ஆளுங்க உக்காந்து பார்த்துக்கிட்டு இருக்காங்க. நடக்காதுன்னு சொல்லல. ரொம்ப ரொம்ப அபூர்வம்."

இவர் எழும்பி உள்ளே போய்விட்டார். மறுநாள் முதல் வேட்டை தொடங்கிற்று. வாக்களித்தவர்களின் பெயர்களில் இவருடைய முகவர் கோடு போட்டு வைத்த பட்டியலை எடுத்துக்கொண்டு, செத்தவர்கள் யார், வெளிநாட்டில் இருப்பவர்கள் யார் என்று வீடு வீடாகப் போனார். செத்துப்போன தபால்கார ஐயாவின் பெயர் இன்னும் பட்டியலில் இருந்தது. ஆனால் அவர் பெயரில் யாரும் வந்து போடவில்லை. கட்டாருக்குப் போன பையன்களின் பெயரிலும் கோடு இல்லை. கடைசியில் சவூதியில் இருக்கிற அப்துல் ஸமத்தின் பெயரில் கோடு இருப்பதைக் கண்டார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைத் தேர்தல் காலத்தில்கூட நான் பார்க்கவில்லை. இரண்டு பேரைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினார். திறந்தது அப்துல் ஸமத். முதுகு வலியென்று ரமழானுக்கு முன்பே வந்துவிட்டாராம். "உசிரோடதான் இருக்கேன் சேர், வேணும்னா தொட்டுப் பாருங்க" என்று சொல்லிக் கதிரை எடுத்துப் போட்டாராம். கூடப் போனவர்கள்தான் சிரித்துச் சிரித்து எனக்குச் சொன்னார்கள்.

ஆகவே கையில் அவருக்கு மிச்சம் இருப்பது நீ ஒருத்திதான். மாத்தளையில் ஒரு சட்டத்தரணியைப் பிடித்து வழக்குப் போட ஆயத்தம் செய்கிறார். நேற்று முன்தினம் ஒரு சத்தியக்கடதாசி கொண்டுவந்து வைத்தார். தேர்தலன்று காலை எட்டு மணியளவில் நீ விரலில் மையோடு வீட்டுக்குத் திரும்பி வந்ததை நான் மதிலடியில் நின்று கண்டதாக அதில் இருக்கிறது. "போடு" என்றார். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் போட்டேன்.

முப்பத்தெட்டு வருஷமாக அவர் நீட்டின எல்லாக் கடதாசியிலும் நான் அப்படித்தான் போட்டிருக்கிறேன். அதை ஒரு நியாயமாகச் சொல்லவில்லை. வேறு ஆள் சொல்லி நீ அறிவதைவிட நானே சொல்லிவிடலாம் என்றுதான்.

நேசம்மா


நாவுல,
28.05.2025

நேசக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இவரிடம் காட்டவில்லை. காட்டினால் கடையை மூடிவிட்டு உங்கள் வாசலில் வந்து நிற்பார், அது வேண்டாம்.

வழக்குக்குக் கூப்பிட்டால் வருவேன். நான் பயந்து ஓடி வந்தவள் என்று அண்ணன் நினைத்தால் அது பிழை. அங்கே நீதிபதியிடம் என் கையைக் காட்டி, யார் வீட்டில் யாருக்காகப் பட்ட கறை என்று சொல்லுவேன். அப்போது நீங்களும் இருப்பீர்கள். அன்று எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பது என்று இப்போதே யோசித்து வையுங்கள்.

ஹஜ் பெருநாளுக்கு நான் ஊருக்கு வரவில்லை.

றுஸைனா


உக்குவளை,
08.06.2025

அன்புள்ள றுஸைனா,

நேற்று உங்கள் பெருநாள். உன் வீட்டு முன்கதவு பூட்டியே கிடந்தது. நானா தொழுகைக்குப் போய்விட்டு நேரே உன்னிடம் வருவதற்கு பஸ் ஏறினதை ஜன்னலால் பார்த்தேன்.

உன் கடிதம் வந்த அடுத்த நாள் இவரிடம் சட்டத்தரணி வீட்டுக்கு நானும் வருகிறேன் என்றேன். எதற்கு என்று கேட்டார். "சத்தியக்கடதாசி என்னுதுதானே" என்றேன். அவருக்குச் சந்தோஷம். பஸ்ஸில் ஜன்னல் பக்க சீட்டை எனக்குத் தந்தார்.

சட்டத்தரணி ஐயா நல்ல மனுஷர். நாளைக்குத் தாக்கல் செய்ய வேணும், ஒருமுறை வாசித்துக் காட்டுகிறேன் என்று வாசித்தார். எட்டு மணி, மதிலடி, விரலில் மை என்று வரும் இடத்தில் நான் சொன்னேன்:

"நான் அப்படிப் பார்க்கலைங்க."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "கையெழுத்துப் போட்டியே?"

"நீங்க போடச் சொன்னீங்க, போட்டேன். அந்தக் கறை நம்ம குசினியில பட்டது. நம்ம ஆளுங்களுக்கு வாழைக்காய் சீவினப்ப பட்டது. அன்னிக்கே எனக்குத் தெரியும்."

"அப்ப அந்த ரெண்டு வோட்டு எங்கருந்து வந்துச்சு?" என்று கேட்டார். சட்டத்தரணியிடம் கேட்பதுபோல, பார்வை அந்தப் பக்கம்.

அதற்குமேல் எதையும் வைத்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. "நான் ஒங்களுக்குப் போடல" என்றேன். "மத்ததெல்லாம் நீங்க சொன்னபடிதான் செஞ்சேன். வோட்டு மட்டும்தான் நீங்க சொன்னபடி போடல."

றுஸைனா, அந்தக் காரணம் இதுதான். தேர்தலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கூட்டம் நடந்ததே. முப்பது பேருக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றேன். யாரோ, "ஒங்க வீட்டு வோட்டு எல்லாம் சரிதானே சேர்?" என்று பகிடியாகக் கேட்டார்கள். இவர் சட்டைப் பொக்கெட்டைத் தட்டி, "அதெல்லாம் இதுக்குள்ள இருக்கு. இவகிட்ட கேக்கணும்னு இல்ல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், தட்டைப் பிடித்துக்கொண்டு. அதற்காகக் கோபமாக இருந்தேன் என்றும் சொல்ல முடியாது. ஆனால் தேர்தலன்று அந்த அட்டைப் பெட்டி மறைப்புக்குள் நின்றபோது முதுகுக்குப் பின்னால் யாருமே இல்லை என்பது எனக்குத் திடீரென்று தெரிந்தது. கை தானாக மற்ற இடத்துக்குப் போயிற்று. அந்தப் பிள்ளை வெல்ல வேணும் என்றுகூட இல்லை. மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வெளியே வந்தபோது என் நெற்றியில் யாரோ எழுதி ஒட்டினதுபோல் இருந்தது. அந்த நேரத்தில்தான் உன்னைப் பிடித்தார்கள். நான் வாயைத் திறந்தால் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள், பார்த்தால் தெரிந்துவிடும் என்று பயந்தேன். நான் களவெடுத்துவிட்டு நிற்பதுபோலவும் என் இடத்தில் உன்னைப் பிடித்துக்கொண்டு போவதுபோலவும் இருந்தது. போகட்டும் என்று நின்றேன்.

நான் இவருக்குப் போட்டிருந்தால் இரண்டு பேருக்கும் சமமாக வந்திருக்கும். உன்னையும் போட விட்டிருந்தால் இவர் ஒன்றால் வென்றிருப்பார். இந்தக் கணக்கையும் அங்கேயே சொல்லிவிட்டேன். நீ யாருக்குப் போட வந்தாய் என்று எழுதினதையும் சொன்னேன்.

சட்டத்தரணி பேனாவை மூடி வைத்துவிட்டு, "இது வேணாம் சேர், விட்டுருங்க" என்றார். சத்தியக்கடதாசியை என்னிடமே தந்தார். வரும்போது இவர் பஸ்ஸில் முன்னால் போய் உட்கார்ந்தார், நான் பின்னால். அன்று முதல் என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டை வைத்தால் சாப்பிடுகிறார். வருகிறவர்களிடம் தேர்தல் பேச்சு எடுப்பதில்லை. போன திங்கட்கிழமை கடைத்தெருவில் நாலு பேர் முன்னால், "றுஸைனா தங்கச்சி மேல பிழை இல்ல, நான்தான் தெரியாம கத்திட்டேன்" என்று சொன்னாராம். அதுவும் மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வந்துவிடு என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஆனாலும் வந்துவிடு. மதிலடியில் வந்து நின்று, ஊர் கேட்க என்னை ஏசு. நான் நின்று கேட்கிறேன்.

உன்,
நேசம்மா


நாவுல,
20.07.2025

நேசக்காவுக்கு,

பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஸஜீதாவின் சின்னவளுக்குக் காய்ச்சல், மருமகனுக்கு லொறியில் மிளகாய் ஏற்றுகிற காலம் என்று காரணங்கள் இருந்தன. உண்மையில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

அண்ணன் இங்கு வந்தது உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. உங்கள் கடிதம் கிடைத்து இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை வந்தார். வெயிலில் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார், கூப்பிடவில்லை. ஸஜீதாதான் கண்டு, "உம்மா, தர்மராஜா மாமா" என்றாள். உள்ளே வந்து உட்கார்ந்தார். பிளேன்டீயைக் குடித்து முடித்தார். பிறகு, "தங்கச்சி, 'இவங்க'ன்னு ஒரு சொல்லுச் சொன்னேன். அது எங்கருந்து என் வாய்க்குள்ள வந்துச்சுன்னு எனக்கே தெரியல. தேர்தலுக்கு அலைஞ்ச நாள்ல யாரோ பேசிப் பேசி ஏத்தினது. தோத்தது பெருசில்ல. அந்தச் சொல்லு போக மாட்டேங்குது" என்றார். அவர் அழுததை முதல் முறையாகப் பார்த்தேன். மருமகன் எழும்பி வெளியே போய்விட்டார். நான், "போகட்டும் அண்ணன், மறந்துட்டேன்" என்றேன். பொய் இல்லை. அவரை எனக்கு மன்னிக்க முடிந்தது. அவர் நான் செய்தேன் என்று நம்பித்தான் கத்தினார். பிழையாக நம்பினார், பிழை என்று தெரிந்ததும் வந்தார்.

உங்களைப் பற்றியும் பேசினார். "அவ எனக்குப் போடலைங்கிறது வலிக்கல தங்கச்சி. அவகிட்ட நான் ஒருநாளும் கேக்கலைங்கிறதுதான்" என்றார். அதை உங்களிடம் அவர் சொல்ல மாட்டார் என்று நினைக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

அக்கா, நீங்கள் போட்டது உங்கள் வோட்டு. அதற்காக நீங்கள் யாருக்கும் தலை குனிய வேண்டியதில்லை. அந்தப் பெட்டி மறைப்புக்குள் நீங்கள் ஒரு பிழையும் செய்யவில்லை. வெளியே வந்த பிறகுதான் செய்தீர்கள். கடிதத்தில் இரண்டையும் ஒன்றாகக் கட்டி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவை ஒன்றில்லை.

உங்களை மன்னிக்க நான் முயற்சி செய்யாமலில்லை. ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டேன். சட்டத்தரணி முன்னால் நீங்கள் பேசியதை நினைத்தால் மனம் இளகுகிறது, எவ்வளவு கஷ்டப்பட்டுச் சொல்லியிருப்பீர்கள் என்று தெரிகிறது. ஆனால் கண்ணை மூடினால் அந்தச் சின்னக் கதிரையும், ஜன்னல் கம்பியும், அதற்கு அப்பால் குனிந்த தலையோடு பச்சைச் சேலையும்தான் வருகிறது. கத்தினவர் முகம் வருவதில்லை. நான் என்ன செய்ய?

உக்குவளை வீட்டை வாடகைக்குக் கொடுக்கப் போகிறோம். கடையை இவர் முனாஸிடம் விட்டுவிட்டுக் கிழமைக்கு இரண்டு தரம் போய் வருவார். வருகிறவர்கள் யாராக இருந்தாலும் உங்களைப்போல அயல் அவர்களுக்குக் கிடைக்காது என்று சொல்லித்தான் கொடுப்பேன். அதுவும் பொய் இல்லை. பூஞ்சாடிகளை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று வாக்காளர் பட்டியல் எழுத இந்தப் பகுதிக் கிராம சேவகர் வந்தார். சிரித்த முகமான பெண். வீட்டில் யார் யார் என்று கேட்டு, என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து, "ஒங்க பேர் உக்குவளையில இருக்கே அம்மா, அங்கயே இருக்கட்டுமா?" என்று கேட்டார்.

இங்கே எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

றுஸைனா